சோப்புக் காது

அவளுக்கு வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பழக்கமில்லை. எதைக் கண்டாலும் மூக்கைச் சுளித்து "சீச்சீ" என்பதால் அந்தச் சொல்லே அவள்மேல் பெயராக ஒட்டிக்கொண்டது. பல்லிடுக்கை நாக்கால் துழாவுகிறவர்கள், சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவுகிறவர்கள், எச்சில் தொட்டுத் தாள் புரட்டுகிறவர்கள், எல்லோருக்கும் அவளிடம் ஒரே சொல்தான். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, ஊரார் காதுக்குள் போய்வந்த ரப்பர் குமிழ்களைக் கழுவுவது.

அக்காவின் கணவர் காது பரிசோதனை நிலையம் வைத்திருந்தார். கீழே நிலையம், மேலே வீடு. அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்த சீச்சீ, வந்த இடத்திலேயே தங்கிவிட்டாள். நிலையத்தில் முன்னறை ஒன்று. அதற்கு உள்ளே சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை ஒன்று. வெளிச்சத்தம் வராமல் இருக்க ஒட்டிய பஞ்சு அது. சத்தத்தை உறிஞ்சியதோ இல்லையோ, நாற்றத்தை நன்றாக உறிஞ்சியது. குழந்தைகள் கக்கிய பால், பெரியவர்களின் வியர்வை, யார் யாரோ தலையில் தடவி வந்த எண்ணெய், எல்லாம் அந்தப் பஞ்சுக்குள் குடித்தனம் நடத்தின. கதவைச் சாத்தினால், யாரோ ஒருவரின் அக்குளுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

காதுக் குறும்பியில் எத்தனை வகை என்று அவளைக் கேட்டால் சொல்வாள். கேட்டவர் அன்று சாப்பிட மாட்டார். பசைபோல இழுபடுவது, பொருக்காக உதிர்வது, முடியும் தூசியும் சேர்ந்து கம்பளிப்பூச்சிபோல உருண்டு வருவது. சின்னப் பிரஷ்ஷால் ஒவ்வொரு குமிழையும் குடைந்து தேய்க்கும்போது அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும். வேலை முடிந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவாள்.

இதெல்லாமாவது யாரோ எவரோ. அத்தானுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஏதாவது யோசிக்க வேண்டியிருந்தால் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் காதுக்குள் விட்டுத் திருகுவார். வண்டியைக் கிளப்புவதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு திருகுவார். பிறகு சாவியின் நுனியைப் பார்ப்பார். பார்ப்பதோடு விட்டாலும் பரவாயில்லை; மோந்தும் பார்ப்பார்.

"காது டெஸ்ட் பண்றவர் பண்ற வேலையா அத்தான் இது? சீச்சீ!"

"வைத்தியன் வீட்டுலதான் இருமல் ஓயாது, விடும்மா," என்று சிரிப்பார். நல்ல மனிதர்தான். அவளை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. அதனாலேயே அந்தச் சாவியை அவள் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டாள்.

காலையில் நிலையம் திறந்ததும் முதல் வேலை மிஷினைச் சரிபார்ப்பது. அதற்கு ஒரு நல்ல காது வேண்டும். வீட்டிலேயே நல்ல காது சீச்சீயுடையது.

"நல்ல காது எங்க? இங்க வா," என்று அத்தான் கூப்பிடுவார். அவள் பஞ்சறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார, காதுக்குள் முனையைச் செருகுவார். அந்த முனைக்குப் புரோப் என்று பெயர். அதன் தலையில் ரப்பர் குமிழ் மாட்டியிருக்கும். அதற்குள்ளிருந்து இரண்டு டோன்கள் ஒரே நேரத்தில் கிளம்பிக் காதுக்குள் போகும். நல்ல காதாக இருந்தால், அந்த இரண்டையும் கேட்டுவிட்டுத் தன் பங்குக்கு மூன்றாவதாக ஒரு மெல்லிய சத்தத்தைத் திருப்பி அனுப்பும். அதே முனையில் இருக்கும் பொடி மைக் அதைப் பிடித்துத் திரையில் பச்சைக் குச்சியாக நிறுத்தும். பக்கத்திலேயே சாம்பல் குச்சி நிற்கும். அது வெறும் இரைச்சல். பச்சை சாம்பலைத் தாண்டினால் பாஸ்.

காது கேட்க மட்டும் செய்வதில்லை, சத்தமும் போடும் என்பதை முதல் நாள் கேட்டபோது அவளுக்கு உடம்பு கூசியது.

"உன் காது எப்படிப் பாடுது பாரு, சீச்சிம்மா."

"பாடுதா? உள்ள ஏதோ ஒண்ணு குடியிருந்து ஏப்பம் விடுதுன்னு சொல்லுங்க. சீ!"

அன்று அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த உற்சாகத்தில் டோன்களின் சத்த அளவை ஏற்றியும் இறக்கியும் காட்டினார். முதல் டோன் அறுபத்தைந்து டெசிபலிலும் இரண்டாவது கொஞ்சம் தணிந்து ஐம்பத்தைந்திலும் இருந்தால் அவள் காது பச்சையை நன்றாக உயர்த்தியது. இரண்டையும் இறக்கினால் பச்சையும் குட்டையானது. ஆனாலும் சாம்பலுக்கு மேலேயே தலைகாட்டியது. "முணுமுணுத்தாலும் பதில் சொல்லுதுல்ல? அதுதான் நல்ல காது. காட்டுக்கத்தல் கத்தினா காதுதான் பதில் சொல்லணும்னு இல்ல. ஸ்பீக்கரே அதிர்ந்து ஒரு சத்தத்தைப் போடும், மிஷின் தன் குரலையே கேட்டு ஏமாந்துடும்," என்றார். துரை பிறப்பதற்கு முந்தைய பேச்சு அது.

துரை அக்காவின் மகன். ஒன்றரை வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான், அதனால் துரை. "துரை பிசியா இருக்கார்," "துரைக்கு மரியாதையாச் சொல்லணும், அப்பதான் கவனிப்பார்" என்று வீட்டில் எந்நேரமும் கேலி. பேச்சும் வரவில்லை. அக்காவுக்கு உள்ளூர ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் கடைசல் பட்டறை இருந்தது. அங்கே எந்திரம் ஓட ஆரம்பித்தால் இங்கே தரை அதிரும்; துரை இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்துக்கொண்டு சிரிப்பான். "பட்டறைச் சத்தத்துக்குச் சிரிக்கிறான், பாத்தியா? அதுவும் இல்லாம, நானே டெஸ்ட் பண்ணியிருக்கேன். பாஸ்!" என்பார் அத்தான். முள் அடங்கும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் காதில் சீழ் பிடித்த ஒருவர் வந்தார். பஞ்சறைக் கதவைத் திறந்ததும் எலி செத்த வாடை. டெஸ்ட் எல்லாம் வேண்டாம், முதலில் டாக்டரிடம் போங்கள் என்று அத்தான் அனுப்பிவிட்டார். ஆனால் அதற்குள் அந்தக் காதில் முனையைச் செருகிப் பார்த்துவிட்டிருந்தார். குமிழைத் தூக்கிக் குப்பையில் போட்டாயிற்று. முனையை என்ன செய்வது? சீச்சீ அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கை தோலுரிந்ததுதான் மிச்சம். மறுநாள் காலையில் அது தன் காதுக்குள் வரும் என்று நினைத்ததுமே குமட்டியது.

அவள் ஒரு யோசனை செய்தாள். புது சோப்பு ஒன்றைப் பிரித்து, பிரஷ்ஷின் காம்பால் அதன் பக்கவாட்டில் ஒரு குழி குடைந்தாள். காதுக்குழி அளவுக்கு, காதுக்குழிபோலவே லேசாக வளைத்து. மறுநாள் அத்தான் முன்னறையில் போன் பேசிக்கொண்டிருக்க, "நானே போட்டுக்கறேன் அத்தான்" என்று குரல் கொடுத்துவிட்டு, முனையைச் சோப்புக்குள் செருகிப் பட்டனை அழுத்தினாள். மிஷின் 'காது சரியில்லை' என்று முரண்டு பிடிக்கும். இன்றைக்கு மிஷினுக்கு மூடு சரியில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

பச்சைக் குச்சிகள் ஒவ்வொன்றாக எழுந்து வரிசையாக நின்றன. பாஸ்.

சீச்சீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சோப்புக்குக் காது நன்றாகக் கேட்கிறதாம்!

அதற்குப் பிறகு தினமும் சோப்புத்தான். தினமும் பாஸ். இந்த வேடிக்கையை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது. ஒரு மத்தியானம் மாடிக்குப் போனாள். அக்கா துரைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். துரை வாயிலிருந்து பாதி வெளியே வந்து மோவாயில் வழிந்தது. அக்கா அதை விரலால் வழித்து மறுபடி வாய்க்குள்ளேயே தள்ளினாள்.

"சீ, என்னக்கா இது? சரி, ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. நம்ம மிஷின் இருக்குல்ல…"

திரும்பும்போது அவள் முழங்கை பட்டு எவர்சில்வர் தட்டு விழுந்தது. தரையில் சுழன்று சுழன்று கணகணவென்று ஓலமிட்டது. அக்கா தோளைக் குறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். துரை ஜன்னல் திரை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமைகூட அசையவில்லை.

"துரை கண்டுக்க மாட்டார்," என்றாள் அக்கா, பழக்கதோஷத்தில்.

சீச்சீக்குச் சிரிப்பு மறந்துபோனது. சோப்பு பாஸ். துரையும் பாஸ். இரண்டுக்கும் ஒரே மிஷின்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லக்கா."

துரையின் டெஸ்ட் நடந்த நாள் அவளுக்கு நினைவுக்கு வந்தது. குழந்தைக்கு அப்போது தலைகூட நிற்கவில்லை. அத்தான் அவனைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஞ்சறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நெடுநேரம் கதவு திறக்கவில்லை. திறந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிப்போய், "பாஸ்! எம்புள்ள பாஸ்!" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தார். அவர் உள்ளே அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. சந்தோஷத்தில் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் கீழே ஓடினாள். அத்தான் முன்னறையில் இல்லை. மிஷினில் அளவுகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். அறுபத்தைந்தும் இல்லை, ஐம்பத்தைந்தும் இல்லை. இரண்டு டோன்களும் எண்பதில் நின்றன. அவள் பழைய அளவுக்கு இறக்கினாள். சோப்பில் செருகினாள். சாம்பல் மட்டும் நின்றது. பச்சைக்கு மூச்சு பேச்சு இல்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நெடுநாளைக்குப் பிறகு தன் காதில் செருகினாள். பச்சை எழுந்து நின்றது. மறுபடி எண்பதுக்கு ஏற்றினாள். சோப்பு பாட ஆரம்பித்தது.

"என்ன சீச்சிம்மா, சோப்புக்கு டெஸ்ட்டா?"

அத்தான் வாசலில் நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. திரையைப் பார்த்ததும் அது வடிந்தது.

"எண்பதுல ஏன் வச்சிருக்கீங்க?"

"பட்டறைச் சத்தம்மா. அதை மீறிக் கேக்கணும்ல."

"யாருக்குக் காது குத்துறீங்க அத்தான்? எனக்கா, சோப்புக்கா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். காதுக்குள் விட்டார். திருகிக்கொண்டே கேட்டார்: "அக்காகிட்ட சொன்னியா?"

அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"அறுபத்தஞ்சுல வச்சேன், வரல. எழுபதுல வச்சேன், வரல. திரும்பத் திரும்ப வச்சுப் பாத்தேன். கடைசியா எண்பதுல பச்சை வந்துச்சு. வந்துச்சும்மா, என் கண்ணால பாத்தேன்." குரல் உடைந்தது. "வெளிய உங்கக்கா நின்னுட்டு இருந்தா. நான் என்ன சொல்ல?"

அவளுக்கு ஒரு கணம் இரக்கம்தான் வந்தது. "சரி. அப்புறம் ஏன் இறக்கல?"

"இறக்கினா… அன்னைக்கு வந்தது பொய்னு ஆயிடும்ல."

"அப்ப அதுக்கு அப்புறம் வந்த பிள்ளைங்க எல்லாம்?"

அத்தான் சாவியை வெளியே எடுத்து நுனியைப் பார்த்தார். "எல்லாரும் சந்தோஷமாத்தானே போறாங்க," என்றார். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோனார்.

இரக்கம் அத்தோடு சரி. சீழ்க்காதுக்காரர் வந்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். நீலப் பை மாட்டிய ஓர் இளம்பெண், கைக்குழந்தையோடு. "கிலுகிலுப்பை ஆட்டினா பாக்க மாட்டேங்குது சார். எங்க மாமியார் என்னென்னமோ சொல்றாங்க. பயமா இருக்கு."

அத்தான் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தில் பழைய சிரிப்பை மாட்டிக்கொண்டார். "ஒண்ணும் இருக்காதும்மா. வாங்க, பாத்துடுவோம்."

அவர் அளவை இறக்குவார் என்று சீச்சீ கதவோரம் நின்று எதிர்பார்த்தாள். இவ்வளவு பேசிய பிறகு எப்படி இறக்காமல் இருப்பார்? அவர் கை அளவுப் பக்கத்துக்குப் போகவே இல்லை. நேராகப் பட்டனை அழுத்தியது. பச்சைக் குச்சிகள் வரிசையாக நின்றன.

"பாஸ்!" என்றார் அத்தான்.

"வயித்துல பாலை வார்த்தீங்க சார்!" அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஞ்சுக்குள் இருந்த கக்கிய பாலின் வாடை மொத்தமும் ஒரேயடியாகச் சீச்சீயின் முகத்தில் அடித்தது. அத்தான் முனையை அவள் பக்கம் நீட்டினார். "கழுவிடும்மா." அவர் கண்கள் அவளைப் பார்க்கவில்லை.

அவள் வாங்கி மேசையில் வைத்தாள். அந்தப் பெண்ணிடம் போனாள். முன்பின் தெரியாதவர்களிடம் அவள் ஒருநாளும் வலியப் பேசியதில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது. "போயிடாதீங்கக்கா. கொஞ்சம் உக்காருங்க. மறுபடி பாக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படியில் ஓடினாள்.

அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். துரை பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டே அக்காவின் இடுப்பில் வந்தான். பிஸ்கட் கரைந்த எச்சில் கன்னத்தில் வழிந்து, காதுவரை பூசியிருந்தது.

"என்னடி இது, சொல்லித் தொலையேன்!"

"உக்காருக்கா. அவனை மடியில வச்சுக்க."

"சீச்சிம்மா, இப்ப வேண்டாம்," என்றார் அத்தான். "வெளிய ஆள் இருக்காங்க."

அவள் காதில் வாங்கவில்லை. குமிழை மட்டும் கழற்றி வேறு மாட்டி, அளவை அறுபத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இறக்கி, துரையின் காதில் முனையைச் செருகினாள். துரை திரையின் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தான். சாம்பல் குச்சிகள் எழுந்தன. பச்சை இல்லை. மற்றக் காதிலும் இல்லை.

அக்காவின் முகம் வெளுத்தது. "மிஷின் கெட்டுப்போச்சாங்க?" என்று அவள் கணவரைத்தான் கேட்டாள்.

"ஆமா, ஆமா," என்று அத்தான் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "முனையில குறும்பி அடைச்சிருக்கும். அதான் சத்தம் உள்ள போகல. கழட்டிக் கழுவிக் காயவச்சு, நாளைக்கு நானே பொறுமையாப் பாக்கறேன். இவ அவசரக்குடுக்கை."

சீச்சீ துரையின் காதிலிருந்து முனையை உருவினாள். குமிழின் நுனியில் மஞ்சளாகக் குறும்பி ஒட்டியிருந்தது. அதன்மேல் பிஸ்கட் எச்சில் மினுமினுத்தது. கழுவினால் கழுவியதால் வேலை செய்தது என்பார். துடைத்தால் துடைத்ததால் என்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை அப்படியே தன் காதுக்குள் திணித்தாள்.

"அய்யோ, துடைடி!" என்றாள் அக்கா.

ஈரம் சில்லென்று உள்ளே போனது. பிள்ளைக் குமிழ் என்பதால் அவள் காதில் நிற்காமல் நழுவியது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எச்சில் பிதுங்கிக் காதுமடலில் வழிந்தது. உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. இன்னொரு கையால் பட்டனைத் தட்டினாள்.

பச்சைக் குச்சிகள் எழுந்து, சாம்பலைத் தாண்டி, தலைநிமிர்ந்து நின்றன.

துரை எம்பி, பச்சை வெளிச்சத்தைத் தொடப் பார்த்தான்.

"அப்ப அன்னைக்கு?" என்றாள் அக்கா. "அன்னைக்குப் பாஸ்னு வந்துச்சே?"

சீச்சீ எண்பதுக்கு ஏற்றினாள். முனையை எடுத்துச் சோப்பின் குழிக்குள் செருகினாள். சோப்பு பாஸ் ஆனது.

அக்கா சோப்பைப் பார்த்தாள். பிறகு திரையை. கடைசியாக அத்தானை. அவர் கை சாவிக்காகப் பாக்கெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார்.

"சீ," என்றாள் அக்கா.

வாழ்நாளில் அவள் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. சாவி பாக்கெட்டோடு நின்றது.

துரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் எழுந்தாள். "எந்த ஆஸ்பத்திரி? இவ்வளவு சின்னப் பிள்ளைங்களுக்கு எங்க பாப்பாங்க? உங்களுக்குத் தெரியாம இருக்காது. இப்ப கிளம்பணும்."

"நானும் வரேன்," என்றார் அத்தான், தரையைப் பார்த்து.

"வழிய மட்டும் சொல்லுங்க."

முன்னறையில் நீலப் பைக்காரப் பெண் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். திறந்த கதவு வழியே அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது. சீச்சீ அளவை மறுபடி இறக்கினாள். புதுக் குமிழ் ஒன்றை எடுத்து மாட்டினாள். காது இன்னும் பிசுபிசுத்தது. கழுவிக்கொள்ள நேரமில்லை.

"வாங்கக்கா," என்றாள். "மெதுவாக் கேட்டுப் பாக்கலாம்."